கம்பளத்துக்கு அடியில் என்ன?



ஊழியத்துக்கு வருமுன் நான் கொத்தனார் வேலை பார்த்தவன். ஆகவே நியூசிலாந்து தேசத்து கிறைஸ்ட்சர்ச் பட்டணத்து வீடுகளைப் பற்றி வாசித்தபோது என் உள்ளம் அங்கேயே நின்றுவிட்டது. 2011 பிப்ரவரி 22ல் அங்கே உண்டான பூமியதிர்ச்சியில் 185 பேர் மரித்தார்கள். விழாமல் தப்பின வீடுகள் அநேகம். ஆனால் உள்ளே போனால் தரை சாய்ந்திருந்தது! ஈர மணல் குலுங்கினபோது கூழாகிவிட்டது. வீட்டின் ஒரு மூலை அதிகமாயும் ஒரு மூலை கொஞ்சமாயும் அமிழ்ந்துபோயிற்று. வெளியே பார்த்தால் நல்ல வீடு. உள்ளே கோலிக்குண்டு தானாய் உருளும், கதவு சாத்தாது.

2 மீட்டர் தூரத்துக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் சரிவோ, வீடு முழுவதும் 50 மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளமோ இருந்தால் மட்டத்தைச் சரிபண்ணும்படி அரசாங்கம் வழிகாட்டியது. (ரசமட்டத்தை நம்பாதீங்க, முழு வீட்டுக்கும் தண்ணி டியூப்தான் பொய் சொல்லாது.)

எப்படிச் சரிபண்ணுவது? மேலே கலவை ஊற்றி மட்டமாக்கலாம். சின்னச் சரிவுக்கு அது போதும். அஸ்திபாரமே இறங்கியிருந்தால் அது பாரத்தைக் கூட்டுமே தவிர வீட்டைத் தூக்காது. மரத்தரை வீடுகளில் அடியில் ஊர்ந்து போய், உத்திரத்தை ஜாக்கியால் தூக்கி, குட்டைத் தூண்களின்மேல் சக்கை கொடுத்தார்கள். ஆனால் 2015ல் அரசாங்கம் பழுதுபார்த்த சில வீடுகளைச் சோதித்தபோது, பல இடங்களில் அந்தச் சக்கைகள் சரியாய்ப் பிணைக்கப்படவில்லை! மேலே கம்பளம், அடியிலே ஆடுகிற கட்டை.

தேவபிள்ளையே, ஆமோஸ் 7ம் அதிகாரத்தில் கையில் தூக்குநூலோடு நின்றவர் சுண்ணாம்பின் நிறத்தையா பார்த்தார்? அப்பா சொத்தைப் பங்கு பிரிச்ச நாள்முதல் பேசாத அண்ணன் தம்பிகள் நம் சபையிலும் இருக்காங்க. ஒரே பந்தியில் திருவிருந்து எடுக்கிறாங்க, "ஸ்தோத்திரம் பிரதர்" என்று கைகொடுக்கிறாங்க. அதெல்லாம் கம்பளம். அடியிலே போகணும், முழங்காலில்தான் போக முடியும். ஜாக்கியை ஒரே மூச்சில் ஏற்றினால் சுவர் கிழிந்துவிடும். முதல் நாள் அம்மாவின் சுகத்தைப் பற்றி மட்டும் பேசுங்க. நிலத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்தைத் திறந்து வைத்திருப்பேன். அன்று பாடல் இல்லை, பிரசங்கமும் இல்லை. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டேன். வருகிறவர்கள் பத்திரத்தையும் கையோடு கொண்டு வாங்க.