பேணும் கடனின் எல்லை: காப்பகம் நீங்கும் இளையோரை முன்வைத்து

முன்னுரை

காப்பகங்களில் வளரும் பிள்ளைகள் 18 வயது நிறைவுற்றதும் அங்கிருந்து வெளியேற வேண்டியவர்களாகின்றனர். பெற்றோர் இடத்தை ஏற்ற சமூகத்தின் கடன் அவ்வயதோடு முடிகிறதா என்பது சட்ட வினா மட்டுமன்று; அற வினாவும் ஆகும். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலப்பாறை சார்ந்த தோட்டத் தமிழர் வாழ்நிலையையும் தமிழ் இலக்கியச் சான்றுகளையும் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

சட்டத்தின் எல்லை

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், காப்பகம் நீங்கிய 18 வயது நிறைந்து 21 நிறையாதோர்க்கு அளிக்கும் ஆதரவைப் பிற்காப்பு என வரையறுக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் கல்வி, தொழிற்பயிற்சி, தங்குமிடம் ஆகியவற்றைக் குறிப்பிடுவதோடு, சிறப்புச் சூழலில் மேலும் ஈராண்டு நீட்டிக்கவும் இடமளிக்கின்றன. எனினும் சட்டத்தின் 46-ஆம் பிரிவு பொருளுதவி ‘வழங்கப்படலாம்’ என்கிறதேயன்றி, ‘வழங்கப்படல் வேண்டும்’ என்று கூறவில்லை. உதவி கடனா, கருணையா என்னும் வினா இவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது. இங்கிலாந்தின் 2000-ஆம் ஆண்டுச் சட்டமோ தகுதியுடைய ஒவ்வோர் இளையோர்க்கும் வழித்திட்டம் வகுப்பதையும் தனி ஆலோசகரை அமர்த்துவதையும் உள்ளாட்சி அமைப்பின் கடமையாக்கியது.

திரும்ப வீடு உண்டா?

காப்பகம் நீங்குவோர் வீடு திரும்புவர் என்பது பொதுவான எண்ணம். பீர்மேடு வட்டத்து ஏலப்பாறையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் லயத்து வீடு தொழிலாளியின் உடைமையன்று; வேலையோடு பிணைந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி அவ்வட்டாரத் தோட்டங்கள் சில மூடப்பட்டபோது கூலியும் நின்றது. இத்தகைய குடும்பத்துப் பிள்ளை காப்பகத்தில் வளர நேர்ந்தால், 18 வயதில் திரும்புவதற்கு வீடே இல்லாமற் போகலாம். சாதிச் சான்றிதழுக்கு, மூதாதையர் 1950-க்கு முன்பே கேரளத்தில் குடியிருந்தமைக்கு ஆதாரம் கேட்கப்படுவதும் தோட்டத் தமிழர் அறிந்த இடராகும். பெற்றோர் துணையற்ற பிள்ளை அவ்வாதாரத்தை எங்ஙனம் தேடும்? எனவே திட்டமிடல் வெளியேறும் நாளில் அன்றி, அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தொடங்கப்பட வேண்டும்.

இலக்கியம் காட்டும் கடன்

புறநானூற்றின் 312-ஆம் பாடல் ஒருவனை உருவாக்கும் பொறுப்பைத் தாய், தந்தை, கொல்லன், அரசன் ஆகியோர்க்குத் தனித்தனிக் கடன்களாகப் பகுக்கிறது. மகனின் கடன் இறுதியிலேயே வருகிறது. பிறர் தத்தம் கடனை ஆற்றிய பின்னரே அவனிடம் கடன் எதிர்பார்க்கப்படுகிறது எனக் கொள்ளலாம். அங்கு எல்லையாவது வயதன்று. ஆக்கித் தருதலின் நிறைவே.

மணிமேகலையின் ஆபுத்திரன் ஈன்றவளால் கைவிடப்பட்டு, இளம்பூதியால் வளர்க்கப்பட்டவன். வேள்விப் பசுவை மீட்டதனால் வளர்த்த இல்லமும் ஊரும் அவனை விலக்கின. அவன் பிச்சைப் பாத்திரத்தில் கல்லே விழுந்தது. மதுரைச் சிந்தாதேவியோ அவனுக்கு அமுதசுரபியை அளித்தாள். ஒருவேளை உணவன்று, உணவளிக்கும் ஆற்றலே அவனுக்குக் கிட்டியது.

தொடர்ந்த ஆதரவு இளையோரைச் சார்ந்து வாழப் பழக்கும் என்பர் சிலர். ஆபுத்திரன் இரந்துண்ட காலத்திலேயே பிறர்க்கு ஊட்டியபின் எஞ்சியதை உண்டவன். ஆதரவு அவனது ஈகையைப் பெருக்கிற்றேயன்றிக் குறைக்கவில்லை.

முடிவுரை

தற்சார்பு என்பது உறவற்ற தனிமையன்று. பெற்றோர் உள்ள பிள்ளைக்கு 18 வயதில் கதவு அடைக்கப்படுவதில்லை. காப்பகப் பிள்ளைக்கு மட்டும் அடைப்பது அறமாகாது. தங்குமிடம், சான்றிதழ், தொழில், இடர்வரின் நாடத்தக்க ஒருவர் ஆகியவற்றை அப்பிள்ளையோடு கலந்து திட்டமிடுவது, வளர்ப்பை ஏற்றோர் தீர்க்க வேண்டிய கடனே எனலாம்.