பருந்தை எண்ணுவதில் என்ன தர்மம்?

புரட்டாசி பிறந்து, நம் வீடுகளில் கொலுப் பெட்டிகளை பேஸ்மெண்ட்டிலிருந்து மேலே கொண்டுவரும் சமயத்தில், பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் என்னும் மலையின் பாறைகள் மேல் சிலர் காலையிலிருந்து மாலை வரை வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே வலசை போகும் பருந்து, கழுகு, வல்லூறுகளை இனம் பிரித்து எண்ணி, மணிவாரியாகக் காற்று, மேகம் பற்றிய குறிப்புகளோடு எழுதி வைப்பது அவர்கள் வேலை. ஓர் இலையுதிர் காலத்தில் சராசரியாகச் சுமார் 18,000 பறவைகள். அருகே ஒரு கம்பத்தின் உச்சியில் பொம்மை ஆந்தை ஒன்றும் உண்டு. நம் ஊர்ச் சோளக்கொல்லை பொம்மை பறவைகளை விரட்டுவதற்கு. இது அவற்றைச் சீண்டி அருகே வரவழைப்பதற்கு!

இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பசித்தவனுக்குச் சோறு போட்டால் அவன் முகம் மலர்வதைப் பார்க்கிறோம். பருந்துக்கோ தன்னை ஒருவர் எண்ணினார் என்பதுகூடத் தெரியாது.

எண்ணுவதில் தன்னளவில் புண்ணியம் ஏதும் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். 1929-ல் பென்சில்வேனியாவில், கோஸ்ஹாக் என்னும் பெரிய வல்லூறு ஒன்றைக் கொன்றால் 5 டாலர் வெகுமதி என்று அறிவித்தார்கள். அங்கும் தலைக்கு இவ்வளவு என்று எண்ணித்தான் பணம். இந்த மலையில் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகவே பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். 1932-ல் ரிச்சர்ட் பௌ என்பவர் செத்துக் கிடந்தவற்றைப் பொறுக்கி, வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தார். அதைக் கண்டு கொதித்த ரோஸலி எட்ஜ் என்ற நியூயார்க் பெண்மணி 1934-ல் சுமார் 1,400 ஏக்கர் மலையைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் பிரவுன் என்பவரைக் காவலுக்கு வைத்தார். அவர் மனைவி இர்மா வாசலில் நின்று துப்பாக்கிக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். அந்தக் காவல் வந்த பிறகுதான் எண்ணிக்கை வந்தது. ஆகவே செயலுக்குப் பதிலாக எண்ணுவது என்று நான் வாதாட வரவில்லை.

ஆனால் பிரவுன் எழுதிய கணக்கில் ஒரு விசேஷம் உண்டு. வெண்தலைக் கழுகுகளைப் பார்த்தால் அவர் மொத்தத்தை மட்டும் குறிக்கவில்லை. பெரியவை எத்தனை, குஞ்சுப் பருவம் தாண்டாதவை எத்தனை என்று பிரித்து எழுதினார். இளம் கழுகுக்குத் தலை வெளுத்திருக்காது, உடல் முழுதும் கருமையாக இருக்கும். ஆகவே பிரிப்பது சாத்தியம். 1935 முதல் 1939 வரை பார்த்த கழுகுகளில் நூற்றுக்கு 40 இளையவை. டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டுபிடித்ததே 1939-ல்தான். அது வயல்களுக்கு வந்து, மீனுக்குள் போய், கழுகின் முட்டையோட்டை மெலியச் செய்யும் என்று அன்று யாருக்குத் தெரியும்? 1955 முதல் 1959 வரை அதே மலையில் இளையவை நூற்றுக்கு 20 ஆகிவிட்டன. 1957-ல் 32 பெரிய கழுகுகளுக்கு ஒரே ஓர் இளம் கழுகு. கழுகு நெடுநாள் வாழும் பறவை. தலைகளை மட்டும் எண்ணியிருந்தால் பல வருஷங்கள் குறை தெரிந்திருக்காது. நம் கிராமங்களிலும் அப்படித்தானே! திண்ணைகளில் ஆட்கள் இருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எண்ணினால்தான் ஊர் காலியாவது புரியும்.

ரேச்சல் கார்சன் 1962-ல் தம் நூலில் இந்த எண்களைச் சாட்சியாக வைத்தார். 1972-ல் அமெரிக்காவில் டி.டி.டி. தடை செய்யப்பட்டது. 2007-ல் வெண்தலைக் கழுகு, அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

என் மனத்தை உறுத்துவது இதுதான். பிரவுன் எழுதிய எண்களில் எது பிற்காலத்தில் சாட்சி சொல்லப் போகிறது என்று அவருக்கே தெரியாது. தெரியாததால் எல்லாவற்றையும் சத்தியமாக எழுத வேண்டியிருந்தது. தூரத்துப் புள்ளி என்ன இனம் என்று புரியாவிட்டால் "இனம் தெரியாதது" என்றே எழுத வேண்டும். பக்கத்திலிருப்பவர் "பொன்னிறக் கழுகுதான், போடுங்கள்" என்று உற்சாகப்படுத்தினாலும் சரி. மூடுபனியில் ஒன்றும் வராத மணிக்குப் பூஜ்யம் போட வேண்டும். அந்தப் பூஜ்யத்தைப் போடக் கை கூசும் என்பது, சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை எழுதும் நம் காரியதரிசிகளுக்குப் புரியும்!

இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு நேர்ந்ததும் இப்படித் தெரியவந்ததே. 1990களின் தொடக்கத்தில் சாலை வழியே சென்று எடுத்த கணக்கை 2000-ல் மறுபடி எடுத்துப் பார்த்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காணவில்லை. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தே காரணம் என்று 2004-ல் வெளியாயிற்று. கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை 2006-ல் தடுத்தார்கள். பழைய கணக்கு இல்லாதிருந்தால், "முன்பெல்லாம் நிறைய இருக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

ஹாக் மவுண்டனில் எண்ணிக்கை ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 15 வரை நடக்கும். அகன்ற சிறகுப் பருந்துகள் கூட்டம் கூட்டமாகச் சுழன்று போவதைக் காண செப்டம்பர் நடுவில் போகலாம். பொன்னிறக் கழுகுக்கு நவம்பர் நல்லது. அப்போது பாறை சில்லிட்டுக் கிடக்கும்; உட்கார ஏதாவது விரிப்பும், ஃபிளாஸ்கில் காப்பியும் எடுத்துச் செல்லுங்கள்.