முதுசமாகாத நியாயம்

அறிவைத் தேடுவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு என்பதை மறுப்போர் இலர். ஆயின், அவ்வுரிமைக்குப் பிறிதோர் உயிர் விலையாகும்போது, அது எத்துணைத் தூரம் செல்லலாம் என்ற வினா எழுகின்றது. இவ்வினாவை எளிய வடிவிற் காண விரும்புவோர், விலங்கியல் ஆய்வுகூடத்தில் மெழுகுத் தட்டின்மீது மல்லாத்தி வைக்கப்பட்டிருக்கும் தவளையை நோக்குதல் வேண்டும்.

குளோரோபோமினால் உயிர் போக்கப்பட்ட தவளையின் கால்கள் ஊசிகளாற் தட்டிற் பொருத்தப்படுகின்றன. வயிற்றின் நடுக்கோட்டிலே தோல் முதலில் வெட்டப்படும். அது தசையோடு பெரிதும் ஒட்டாதிருப்பதால் எளிதில் விலகும். அடுத்து, நடுவில் ஓடும் வயிற்று நாளம் அறுபடாதவாறு, அதற்கு ஒரு புறமாகத் தசைச் சுவர் வெட்டப்படும். மார்பென்பை நீக்கியதும், மெல்லிய சவ்வுறையினுள் இதயம் தோன்றும். அதனை அடுத்துப் பரந்த ஈரல். ஈரலின் மடல்களுக்கிடையே பசிய பித்தப்பை. ஈரலை உயர்த்தினால் இரைப்பையும் சுருண்ட குடலும் சிவந்த மண்ணீரலும். அவற்றையும் ஒதுக்கினால் முதுகுப்புறத்தே சிறுநீரகங்கள். மனித இதயத்துக்கு அறைகள் நான்கு. தவளைக்கோ இரு சோணையறைகளும் ஒரே இதயவறையும். பிரிமென்றகடு இல்லாத அது, வாயின் அடித்தளத்தை உயர்த்தித் தாழ்த்தியே நுரையீரலுக்குள் வளியைச் செலுத்துகின்றது.

தவளைக்கு அறிவியல் பட்டிருக்கும் கடன் பெரிது. இங்கிலாந்தின் வில்லியம் ஹாவி 1628இல் வெளியிட்ட நூலிலே, குருதி இதயத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் இதயத்தையே அடைகின்றது என நிறுவினார். வேறு விலங்குகளின் இதயம் கண்ணாற் பின்தொடர முடியாத விரைவில் இயங்கியமையால், மெதுவாகத் துடிக்கும் தவளை போன்ற குளிர்க்குருதி விலங்குகளின் இதயத்தையும் அவர் ஆராய்ந்தார். ஆயினும், நாடியிலிருந்து நாளத்துக்குக் குருதி எவ்வழியே செல்கின்றது என்பதைக் காணாமலே 1657இல் இறந்தார். 1661இல் இத்தாலியின் மல்பீகி, தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியூடாக நோக்கி, மயிர்த்துளைக்குழாய்களாகிய அவ்வழியைக் கண்டார். அந்நாட்டின் கல்வானி, இரு உலோகங்கள் தொட்டபோது இறந்த தவளையின் கால் துடித்தமை பற்றி 1791இல் எழுதினார். அதற்கு வேறு விளக்கம் தேடிய வோல்ட்டா 1800இல் மின்கலவடுக்கை உலகுக்கு அறிவித்தார்.

இவர்கள் தவளையை வெட்டியபோது, அவர்கள் தேடிய விடை எந்நூலிலும் இருக்கவில்லை. இன்றோ, மேசையின் ஒருபுறத்தே தவளை கிடக்க, மறுபுறத்தே அதன் உறுப்புகள் யாவும் பெயரிடப்பட்ட படம் விரிந்து கிடக்கின்றது. முன்னையது கண்டுபிடிப்பு, பின்னையது சரிபார்ப்பு. முன்னையதற்குப் பொருந்திய நியாயம் பின்னையதற்குத் தானாகவே பொருந்துமா? யாழ்ப்பாணத்துத் தேசவழமை, முன்னோர் வழிவந்த முதுசத்தையும் மணவாழ்வின்போது ஈட்டப்பட்ட தேடியதேட்டத்தையும் வேறுபிரித்துக் காணும். அறிவு முதுசமாக வரக்கூடியது. மல்பீகி கண்டதை இன்றைய மாணவன் எவ்வுயிரையும் கொல்லாமலே பெற்றுக்கொள்கின்றான். ஓர் உயிரை எடுப்பதற்கான நியாயமோ அவ்வாறு வருவதன்று. அதனை ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடிக்கொள்ளல் வேண்டும்.

இதற்கு வலிய மறுப்பொன்று உண்டு. படம் தருவது அறிவின் நிழலே என்பர். படத்தில் நாடி சிவப்பு, நாளம் நீலம். உடலில் அத்துணைத் தெளிவான நிறப்பிரிவு இல்லை. மேசைமீதுள்ளது முட்டைகள் நிறைந்த பெண் தவளையாயின், அவற்றை அகற்றாமல் ஏனைய உறுப்புகளைக் காண்பதே அரிது. மேலும், துடிப்பு இதயத்திலேயே பிறப்பதால், உயிர் போன பின்னரும் திறந்த மார்பினுள் அது சிறிது நேரம் துடித்துக்கொண்டிருக்கும். "இது உண்மையாகவே இறந்துவிட்டதா?" என மாணவனைத் திகைக்க வைக்கும் ஆற்றல் படத்துக்கு ஏது? இம்மறுப்பில் உண்மை உண்டு. கையின் அறிவு கண்ணின் அறிவினின்றும் வேறானது. ஆயின், அது யாருக்கு வேண்டும் என்பதே கேள்வி. உயிருள்ள உடலை நாளை கையாளப் போகின்றவனுக்கு அது வேண்டும் எனலாம். பரீட்சையோடு உயிரியலை விட்டு நீங்கும் மாணவனுக்கும் அதேயளவில் வேண்டும் என நாட்டுதல் கடினம்.

நோவின்றிக் கொல்லப்படுவதாற் குற்றமில்லை என்பது மற்றொரு வாதம். விலங்குகளை இயந்திரங்களாகக் கண்ட டேக்கார்ட்டின் கருத்தை இன்று ஏற்போர் அரியர். விலங்கின் பகுத்தறிவையன்றி அது துன்புறும் தன்மையையே கருத்திற் கொள்ளவேண்டும் என, 1789இல் வெளிவந்த நூலிலே பெந்தாம் வாதித்தார். அவர் வழி நோக்கின், குளோரோபோம் போதிய விடையாகத் தோன்றலாம். ஆனால் திருக்குறளில் 'இன்னா செய்யாமை' 32ஆம் அதிகாரமாகவும் 'கொல்லாமை' 33ஆம் அதிகாரமாகவும் வேறுவேறாக அமைந்துள்ளன. துன்பம் செய்யாதிருத்தல் ஓர் அறம்; உயிரை எடுக்காதிருத்தல் பிறிதோர் அறம். குளோரோபோம் முன்னையதற்கு விடை கூறும். பின்னையதன்முன் அது வாய்மூடி நிற்கும்.

விலங்கிடம் காட்டும் கொடுமை மனிதன் உள்ளத்தையே வன்மையாக்கும் எனக் காண்ட் கருதினார். ஆய்வுகூடத்தில் இவ்வாபத்து கொடுமை வடிவில் வருவது அரிது. நகைப்பு வடிவிலேயே வருகின்றது. கத்தியை ஏந்தும் மாணவனின் கை நடுங்குவதுண்டு. அந்நடுக்கம் கோழைத்தனமென எள்ளப்படுமிடத்து, தவளையின் உடலமைப்போடு வேறொரு பாடமும் கற்பிக்கப்படுகின்றது: பலர் கூடிச் செய்யும் செயலில் ஒருவன் மனச்சாட்சிக்கு இடமில்லை என்பதே அது. கலிபோர்னியாவில் 1987இல் தவளையை வெட்ட மறுத்த பாடசாலை மாணவியொருத்தி நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. 1988இல் அம்மாநிலம், அத்தகைய மாணவர் மாற்றுவழியிற் கற்க இடமளித்துச் சட்டம் இயற்றியது. இந்தியாவின் பல்கலைக்கழக மானியக்குழு, விலங்கியற் பாடத்தில் வெட்டிச் சோதித்தலைப் படிப்படியாகக் கைவிடுவதற்கான வழிகாட்டல்களை 2011இல் வெளியிட்டது. ஆய்வாளர்க்கும் இவ்வெண்ணம் புதியதன்று. ரசல், பேர்ச் என்னும் இருவர் 1959இலேயே மூன்று நெறிகளை வகுத்தனர்: உயிர் விலங்குக்கு மாற்றுத் தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். மாற்றுத் தேடுதல் அவற்றுள் முதலாவதாக நிற்பது கருதத்தக்கது.

ஆகவே, தவளையை வெட்டுதல் என்றும் எவர்க்கும் தகாது எனக் கூறுதல் ஹாவியையும் மல்பீகியையும் மறந்தவர் கூற்றாகும். பாடத்திட்டத்தில் உள்ளது, ஆதலால் வெட்டுக எனக் கூறுதலோ தவளையை மறந்தவர் கூற்றாகும். விடை அறியப்படாத வினாவொன்றை உடையவனுக்கும், அறிந்த விடையைச் சரிபார்ப்பவனுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஆய்வுகூடம் மதித்தல் வேண்டும். கத்தியை எடுக்குமுன், இவ்வுயிர் இன்று எதன்பொருட்டு எடுக்கப்படுகின்றது என்று கேட்பது கற்பிப்போனுக்கும் கற்போனுக்கும் உரிய கடமையாகும். தக்க விடை கிடைப்பின் கத்தி செல்லலாம். கிடைக்காவிடின், படமும் மாதிரியுருவும் முன்னரே பேணிவைத்த உடலும் போதும்.