வேண்டாம் என்கிற யோசனை

நண்பர் ஒருவர் சம்பளமில்லாத வேலையில் சேர்ந்திருக்கிறார். சிறு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் புது ஸ்தாபனம். ஒரே அறை, நாலு பேர். ஒப்பந்தம் முடிந்தால் கமிஷன். முடியாவிட்டால் பஸ் செலவுகூட அவருடையது. 'நாமெல்லாம் பார்ட்னர்கள்' என்கிறாராம் முதலாளி. பங்கு நஷ்டத்தில் மட்டும்.

சுரண்டல் என்று சொல்லி முடித்துவிடலாம். என்னை உறுத்துவது வேறு. ஆர்தர் மில்லரின் 1949ஆம் வருஷத்து நாடகத்தில் வில்லி லோமனும் சம்பளம் நிறுத்தப்பட்டு வெறும் கமிஷனில் அலைகிறவன்தான். அவன் விற்ற சரக்கு இன்னதென்று மில்லர் சொல்வதேயில்லை, சொல்லவேண்டிய அவசியமுமில்லை. நண்பர் விற்பதோ யோசனை. 'உங்களுக்கு இது வேண்டாம்' என்பதும் யோசனைதான்; பல சமயம் அது ஒன்றே சரியான யோசனை. அதைச் சொன்னால் கமிஷன் கிடையாது. எனவே, உண்மை சொல்ல ஒருவனுக்கு முதலில் மாதச் சம்பளம் வேண்டும் என்று வாதிக்க நினைத்தேன்.

போன வாரம் ஒரு மளிகைக் கடைக்காரரிடம் அவர் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வந்தார். என்னிடம் 500 ரூபாய் கைமாற்று கேட்டார்.

எனக்கு மாதம் தவறாமல் சம்பளம் வருகிறது. பாங்கில் கவுண்டருக்கு வருகிறவர்களிடம் இன்ஷூரன்ஸ் பாலிசியும் விற்கச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமும் நான் இதுவரை 'வேண்டாம்' என்று சொன்னதில்லை.