ஏழு பிறவிச் செல்வந்தரின் நொய்க்கஞ்சி

உச்சிப்பொழுதில் கோசல மன்னன் பசேனதி புத்தரைப் பார்க்க வந்தான். இந்த நேரத்தில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று புத்தர் கேட்டார். சாவத்தி நகரத்துப் பெருவணிகர் ஒருவர் வாரிசில்லாமல் இறந்துவிட்டார், அவர் சொத்தை அரண்மனையில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்றான் மன்னன். பொன் மட்டுமே நூறு லட்சம். வெள்ளியைச் சொல்லவே வேண்டாம். அந்த மனிதர் சாப்பிட்டதோ நொய்யும் புளித்த கஞ்சியும். உடுத்தியது மூன்று துண்டாக ஒட்டுப்போட்டுத் தைத்த சணல் துணி. போய்வந்தது இலைக்குடை பிடித்த ஓர் ஓட்டை வண்டியில்.

பாலி மொழிப் பௌத்த நூலான சம்யுத்த நிகாயம் சொல்லும் காட்சி இது. இவ்வளவு செல்வம் எப்படி வந்தது? வந்தும் அதை அவர் ஏன் அனுபவிக்கவில்லை? புத்தர் அவருடைய முற்பிறவியைச் சொல்கிறார்.

அந்தப் பிறவியில் தகரசிகி என்ற பிரத்தியேக புத்தர், அதாவது தானாகவே ஞானம் பெற்ற துறவி, பிச்சைக்கு வந்தார். துறவிக்கு உணவு கொடுங்கள் என்று சொல்லிவிட்டு இவர் எழுந்து போய்விட்டார். உணவும் கொடுக்கப்பட்டது. பிறகுதான் மனம் புழுங்கியது: இதை நம் வேலையாட்களாவது தின்றிருக்கலாமே! கொடுத்ததற்குப் பலனாக ஏழு முறை தேவலோகப் பிறப்பும், மிச்சமிருந்த புண்ணியத்தால் அதே சாவத்தியில் ஏழு முறை பெருவணிகர் பிறப்பும் கிடைத்தன. கொடுத்தபின் வருந்தியதால் நல்ல சோற்றிலும் நல்ல துணியிலும் மனம் செல்லவே இல்லை. சொத்துக்காகத் தம்பியின் ஒரே மகனைக் கொன்ற பாவமும் அவர் கணக்கில் இருந்தது. அதனால் வாரிசில்லாமல் போய், ஏழாவது முறையாக அவர் செல்வம் அரசன் கைக்குப் போனது. பழைய புண்ணியம் தீர்ந்தது, புதிதாக எதையும் அவர் சேர்க்கவில்லை.

முற்பிறவித் தானத்தைப் பற்றிய பௌத்தக் கதைகளில் இதைப்போல நெஞ்சைத் தொடுவது வேறில்லை. கொடுத்தால் பணம் வரும் என்ற எளிய நம்பிக்கையை இது மறுக்கவில்லை. பணம் வரத்தான் செய்தது. ஆனால் ஒரு வேளைச் சோற்றை நினைத்துப் புழுங்கிய மனமும் கூடவே வந்தது. கொடுக்கும் முன் மகிழ்ச்சி, கொடுக்கும்போது தெளிவு, கொடுத்தபின் நிறைவு என்று கொடுப்பவருக்கு மூன்றை அங்குத்தர நிகாயம் வகுத்துச் சொல்கிறது. அந்த வணிகர் தவறியது மூன்றாவதில்.

தமிழில் இந்த வணிகருக்கு நேர் எதிரான ஒருவனைச் சீத்தலைச் சாத்தனார் மணிமேகலையில் படைத்திருக்கிறார். அவன் பெயர் ஆபுத்திரன். மதுரையில் சிந்தாதேவி தந்த அள்ளக் குறையாத அமுதசுரபியை வைத்துக்கொண்டு பசித்தவர்களுக்கெல்லாம் சோறிட்டவன். கப்பலில் சாவக நாட்டுக்குப் போகும் வழியில் ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டான். உண்ண யாருமில்லை. பலர் பசியைத் தீர்த்த பாத்திரத்தில் தான் ஒருவன் மட்டும் உண்டு வாழ அவனுக்கு மனம் வரவில்லை. கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் விட்டான். மறுபிறவியில் சாவகத்தில் புண்ணியராசன் என்ற அரசனானான். காப்பிய நாயகி மணிமேகலை சொல்ல, அதே தீவுக்கு வந்து, மணலைத் தோண்டித் தன் பழைய உடம்பின் எலும்புகளைக் கண்டான் என்கிறது காப்பியம்.

தானத்துக்குப் பலன் உண்டு என்ற இந்த நம்பிக்கை ஏட்டோடு நின்றுவிடவில்லை. மியான்மரில் இன்றும் பிக்குகளுக்குத் தானம் கொடுத்து முடிந்ததும் குடும்பத்தார் உட்கார்ந்து, சிறு குவளையிலிருந்து தட்டில் நீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறார்கள். பிக்குகள் ஓதுகிறார்கள். கிடைத்த புண்ணியத்தில் எல்லா உயிர்களும் பங்கு பெறட்டும் என்று தானம் கொடுத்தவர்கள் வாய்விட்டு அறிவிக்க, கூடியிருப்பவர்கள் சாது, சாது, சாது என்று மூன்று முறை சொல்கிறார்கள். கொடுத்த கையோடு அதன் பலனையும் ஊருக்குப் பங்கு வைத்துவிடும் அருமையான வழக்கம் இது.