மெராபியை விட்டு இறங்காதவர்

2010 அக்டோபர் 26 மாலை, இந்தோனேசியாவின் ஜாவா தீவில் மெராபி எரிமலை வெடித்து, தென்சரிவில் இருந்த கினாரெஜோ கிராமத்தின் மேல் நெருப்பு மேகம் புரண்டு இறங்கியது. மறுநாள் சாம்பல் மூடிய ஒரு வீட்டுக்குள் 83 வயது முதியவரின் உடல் கிடைத்தது. தொழுகையில் நெற்றியைத் தரையில் பதித்த நிலையில் அவர் இறந்திருந்தார். மெராபியின் காவலர் எம்பா மரிஜான் அவர்.

யோக்யகர்த்தாவின் சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ 1982இல் அவரை அந்தப் பொறுப்பில் அமர்த்தினார். ஆண்டுதோறும் அரண்மனையிலிருந்து வரும் துணிமணிகளையும் காணிக்கைகளையும் மலைமேல் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் கடமை. மெராபிக்குள் ஆவிகளின் அரண்மனை ஒன்று இருப்பதாக ஜாவானியர் நம்பினார்கள். மரிஜானோ தொழுகை தவறாத முஸ்லிம். இரண்டு நம்பிக்கைகளும் அவருக்குள் இடித்துக்கொள்ளவில்லை.

2006இல் மலை குமுறியபோது ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். அடுத்த சுல்தான் பத்தாம் ஹமெங்குபுவோனோவே சொல்லியும் மரிஜான் இறங்கவில்லை. பக்கத்திலுள்ள கலியாதெமில் பதுங்கு அறைக்குள் ஒளிந்த இருவர் மாண்டார்கள், கினாரெஜோ தப்பியது. அதன்பின் அவர் நாடறிந்த மனிதர். அவர் இருக்கும்வரை மலை ஒன்றும் செய்யாது என்று சிலர் நம்பியதில் வியப்பில்லை.

மலைக்குள் நடந்தது வேறு. இந்திய-ஆஸ்திரேலியப் புவித்தட்டு ஜாவாவுக்கு அடியில் சரிந்து செல்கிறது. அது ஆழத்துக்குக் கொண்டுபோகும் நீர், மேலே உள்ள பாறை எளிதில் உருக வழி செய்கிறது. அப்படிப் பிறக்கும் குழம்பு கெட்டியானது, வாயு நிறைந்தது. வழக்கமாக மெராபியில் அது உச்சியில் மெல்லப் பிதுங்கி, மேடாக இறுகி, பாரம் தாங்காமல் சரிந்து விழும். விழும்போது வாயுவும் கல்லும் சாம்பலும் பல நூறு டிகிரிச் சூட்டில் பள்ளத்தாக்குகளில் பாயும். 2006இல் நடந்தது இதுதான். 2010இல் குழம்பு வேகமாக ஏறிவந்தது. மேடு கட்டும் முன்பே வெடித்தது. மலையின் உச்சிப் பகுதிச் சரிவு நாளுக்கு நாள் வெளியே தள்ளப்படுவதைக் கருவிகள் காட்டியிருந்தன. அக்டோபர் 25ஆம் தேதியே எச்சரிக்கை உச்சநிலைக்கு உயர்ந்துவிட்டது.

அப்படியென்றால் மரிஜானின் நம்பிக்கை தோற்றதா? அவரளவில் தோற்கவில்லை. உயிர் பிழைப்பேன் என்பதற்காக அவர் அங்கே இருக்கவில்லை. கொடுத்த வாக்குக்காக இருந்தார். அந்த உறுதியின் முன் தலை வணங்கத்தான் வேண்டும்.

கடவுளை நம்பினால் மலை விலகிப்போகும் என்பது வேறு வகை நம்பிக்கை. அதற்கு மறுமொழி அதே மண்ணுக்கடியில் கிடந்தது. 1966இல் ஓர் உழவரின் மண்வெட்டி கல்லில் மோத, சம்பிசாரி சிவன் கோயில் வெளிப்பட்டது. சுமார் ஆறரை மீட்டர் ஆழத்தில், எரிமலை மண்ணுக்குள் அது புதைந்திருந்தது. கருவறையில் லிங்கம், வெளிமாடங்களில் துர்க்கை, விநாயகர், தெற்கே நம் அகத்தியர். மெராபி இறைவன் வீட்டுக்கும் விதிவிலக்கு அளிக்கவில்லை.

கடினமான கேள்வி இனிமேல்தான். அக்டோபர் 26 மாலை கினாரெஜோவில் இறந்தவர்கள் முப்பதுக்கும் மேல். மரிஜானை அழைத்துவர மேலே போனவர்களும் அவர்களில் உண்டு. தன் உயிரைக் கடவுளிடம் ஒப்படைக்க ஒருவருக்கு உரிமை இருக்கலாம். தன்னைப் பார்த்து நிற்பவர்களின் உயிரை அப்படி ஒப்படைக்க யாருக்கும் உரிமையில்லை. காவல் என்ற சொல்லுக்கு மலையைவிட அந்த மனிதர்களே முதல் பொருள் என்று கொள்வதுதான் அறம்.

நவம்பர் 5ஆம் தேதி அக்டோபர் வெடிப்பைவிடப் பெரிய வெடிப்பு வந்தது. அபாய எல்லையை 20 கிலோமீட்டருக்கு விரித்தார்கள். மொத்தத்தில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் இடம் பெயர்ந்தார்கள். இறந்தவர்கள் 350க்கு மேல். மக்கள் கிளம்பியிராவிட்டால் இன்னும் பல்லாயிரம் பேர் மடிந்திருப்பார்கள்.

2011இல் மரிஜானின் மகனைக் காவலராக அரண்மனை அமர்த்தியது. காணிக்கைச் சடங்கு நிற்கவில்லை. 2020 நவம்பரில் எச்சரிக்கை மீண்டும் நான்கில் மூன்றாம் நிலைக்கு ஏறியது. அதற்குப் பின்னும் ஆண்டுதோறும் காணிக்கையைச் சுமந்துகொண்டு சரிவில் ஏறுகிறார்கள்.