மெய்ப்பொருளாரும் முத்தநாதனும்

தீங்கு செய்தவன், தீங்கு பட்டவன் இருவரில் யாருக்கு இழப்பு அதிகம் என்று கேட்டால், பட்டவனுக்கே என்று உலகம் சொல்லும். அடிபட்டவன் விழுந்து கிடக்கிறான், அடித்தவன் நடந்து போகிறான். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். சைவ சமயம் இந்தக் கணக்கை வேறு விதமாகப் போடுகிறது.

சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு வருகிறது. திருக்கோவலூரில் இருந்து சேதி நாட்டை ஆண்டவர் அவர். திருநீறும் சடையும் கண்டால் சிவனென்றே வணங்குவார். போரில் அவரிடம் பலமுறை தோற்ற முத்தநாதன், உடலெங்கும் நீறு பூசி, சடை முடித்து, ஏட்டுக் கட்டுக்குள் கத்தியை ஒளித்து வந்தான். எங்குமில்லாத ஆகமம் கொண்டு வந்ததாகச் சொல்லி, அரசியாரையும் விலகச் செய்தான். அவனை ஆசனத்தில் இருத்தி, தாம் கீழே அமர்ந்து அரசர் வணங்கிய வேளையில் குத்தினான். காவலன் தத்தன் வாளோடு பாய்ந்தான். சாயும் நிலையிலும் நாயனார் அவனைத் தடுத்து, வந்தவர் நம்மவர் என்றார். இடையூறின்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடும்படி பணித்தார். செய்தி அறிந்த மக்கள் கொலைகாரனைச் சூழ்ந்தனர். அரசர் ஆணையைத் தத்தன் சொன்ன பிறகே அவர்கள் விலகினர். தத்தன் திரும்பி வந்து சொல்லும்வரை நாயனார் உயிரைத் தாங்கியிருந்தார். பின்பு அம்பலவாணர் காட்சி கொடுத்து ஆட்கொண்டார்.

நாயனார் இழந்தது உயிரை. அது என்றோ ஒருநாள் போவதுதான். அவருடைய அன்பில் ஒரு குன்றிமணியும் குறையவில்லை. முத்தநாதன் நிலையைப் பாருங்கள். தான் கொன்றவருடைய கருணையில் தொங்கி உயிர் தப்பினான்.

துன்பம் அனுபவிப்பவனுக்குப் பிராரத்தம் கழிகிறது. துன்பம் செய்பவனுக்கு ஆகாமியம் ஏறுகிறது என்பது சித்தாந்தம். இதை வைத்துக்கொண்டு, பாதிக்கப்பட்டவனிடம் போய் "உன் வினை, பொறுத்துக்கொள்" என்று சொல்வோர் உண்டு. அது பெரும் அநியாயம். இந்தப் போதனை செய்பவனை நோக்கிச் சொன்னது. பட்டவன் நியாயம் கேட்பதை அது தடுக்கவில்லை. தொழிலாளியின் கடனை எழுதி, அதைத் தீர்த்தால்தான் தோட்டம் மாறலாம் என்று வைத்திருந்த துண்டு முறைகூட, பலர் எதிர்த்துக் கேட்ட பின்னரே 1921இல் சட்டத்தால் நீங்கியது.

லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் இடத்தை எல்லோரும் அறிவார்கள். ஒருவன் இரண்டு கிலோ குறைத்து எழுதினால், கொழுந்தெடுத்த பெண்ணுக்கு அன்றைய காசு குறையும். இரவு அவள் அழுவாள், காலையில் கூடையோடு மலைக்குப் போவாள். எழுதியவனுக்கு முதல் நாள் கை நடுங்கும். மூன்றாம் மாதம் நடுங்காது. பிறகு கடைக்காரன் சொல்லும் கணக்கு, மனைவி சொல்லும் செலவு, பிள்ளை கொண்டுவரும் மிச்சச் சில்லறை எதையும் அவனால் நம்ப முடியாது. எல்லோரும் தன்னைப் போலவே எழுதுவதாகத் தோன்றும். சொந்த வீட்டிலேயே காவல் இருப்பவனுக்குச் சோறு எப்படி இறங்கும்?

நாயனாரின் குருபூசை கார்த்திகை உத்திரத்தில் வருகிறது. அன்று மாலை பிள்ளைகளைக் கூட்டி இவ்வரலாற்றை வாசிக்கச் செய்யுங்கள். தத்தன் திரும்பி வரும் இடத்தை மட்டும் அவசரமின்றி வாசிக்கட்டும்.